ஐசக் ஹார்மனுக்கு இரண்டு பிறந்த தேதி

இதைக் கையில் எடுத்திருப்பவர் யாரோ எனக்குத் தெரியாது. உங்கள் காலைப் பிடித்துக் கேட்கிறேன், யாரிடமும் காட்டாதீர்கள். என் மாமாவிடம் காட்டவே காட்டாதீர்கள். அம்மாவிடமும் வேண்டாம். படித்தால் அவள் அழ மாட்டாள், சாப்பிடுவதை நிறுத்திவிடுவாள். இது என் அப்பாவுக்கு எழுதுவது. அவர் இறந்து பதினைந்து மாதம் ஆகிறது.

அப்பா,

இன்றைக்குச் சாயந்திரம் உங்கள் டைப்ரைட்டரின் மூடியைத் திறந்தேன். நீங்கள் போன பிறகு அதை யாரும் தொடவில்லை. ரிப்பன் மையும் மெஷின் எண்ணெயும் கலந்த வாசனை அப்படியே வந்து முகத்தில் அடித்தது. உங்கள் சட்டையின் வாசனை அது. சட்டைகளையெல்லாம் அம்மா எடுத்துக் கொடுத்துவிட்டாள். இனி இந்த வீட்டில் உங்கள் வாசனை இல்லை என்று நினைத்திருந்தேன். இத்தனை நாளும் மூடிக்கு அடியிலேயே இருந்திருக்கிறது. கொஞ்ச நேரம் மூடியைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றேன். பிறகு, முழுவதும் வெளியே போய்விடுமோ என்று பயந்து மூடிவிட்டேன்.

நாளைக்கு முதல் பீரியடில் நாமினல் ரோல். பத்தாவது பொதுத்தேர்வுக்கு அனுப்புகிற பட்டியல். பெயர், இனிஷியல், பிறந்த தேதி மூன்றையும் சரிபார்த்து, நேரே நாமே கையெழுத்துப் போட வேண்டும். அதில் இருப்பதுதான் மார்க் ஷீட்டில் வரும். "இதுக்கப்புறம் ஆண்டவனே வந்து மனு குடுத்தாலும் மாத்த முடியாது. நல்லா பாத்துப் போடுங்கடி" என்று டீச்சர் சொன்னார். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன்.

கோமதி என்ற என் பெயருக்கு நேரே இருக்கும் தேதி என்னுடையது அல்ல. அந்தத் தேதிப்படி வருகிற தை மாதம் எனக்குப் பதினெட்டு முடிகிறது. அதே தையில் மாமா என்னைக் கல்யாணம் செய்துகொள்வதாக இருக்கிறார். நிஜத்தில் எனக்குப் பதினைந்து முடிந்து மூன்று மாதம்தான் ஆகிறது. நாளைக்கு நான் கையெழுத்துப் போட்டால் அந்தத் தேதி என்னுடையதாகிவிடும், அப்பா. அப்புறம் என்னாலேயே இல்லை என்று சொல்ல முடியாது.

இதெல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான், கல்யாணத்தைத் தவிர. அது நீங்கள் போன பிறகு வந்தது. வேறு யாரிடமும் சொல்ல முடியாததால் ஐசக் ஹார்மனிலிருந்து தொடங்கி உங்களிடமே சொல்கிறேன்.

அந்த அமெரிக்கக்கார அம்மா முதன்முதலாக வந்த நாள் எனக்குப் பள்ளிக்கூடம் இல்லை. தாம்பரத்தில் பத்திரப்பதிவு ஆபீஸ் வாசலில், உங்கள் மேஜைக்குப் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து, வெள்ளைத்தாளுக்கும் நகல்தாளுக்கும் நடுவே கார்பன் வைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். அவர் வேர்த்து விறுவிறுத்து, பெரிய காகிதக் கட்டு ஒன்றை மார்போடு அணைத்துக்கொண்டு வந்தார். அவருடைய கணவர் ஒரு வருஷத்துக்குப் பாடம் நடத்த வந்திருந்தார். சேலையூர் பக்கம் வாடகை வீடு. தப்பில்லாமல் இங்கிலீஷ் அடிப்பவர் யார் என்று விசாரித்ததில் எல்லாரும் உங்களைக் காட்டியிருக்கிறார்கள். அவருடைய கொள்ளுத்தாத்தா ஒரு விவசாயி. பெயர் ஐசக் ஹார்மன். போன நூற்றாண்டில் ஒஹையோ என்ற இடத்தில் பிறந்து, சின்ன வயதிலேயே குடும்பத்தோடு மாட்டு வண்டியில் மேற்கே போய், அயோவாவில் நிலம் வாங்கிப் பயிர் செய்து, அங்கேயே இறந்தவர். வீட்டில் கிடந்த பழைய காகிதங்களை வைத்து அவருடைய வாழ்க்கையை வருஷ வரிசையில் எழுதி, எல்லாவற்றையும் சுத்தமாக டைப் அடித்துத் தர வேண்டும் என்றார்.

டீக்கடை அண்ணன் கிளாஸை வைத்துவிட்டுப் போகாமல் நின்றார்.

"இன்னா சார், அமெரிக்காலர்ந்தே மனு குடுக்க வந்துட்டாங்க? அங்கியும் பட்டா தகராறா?"

"தகராறு இல்லப்பா. தாத்தா."

"எந்த ஊரு தாத்தா?"

"அயோவா."

"பேரே ஐயோன்னு கீது சார். பாத்து அடி."

நீங்கள் சிரித்த சிரிப்பில் அந்த அம்மாவும் எதற்கென்று தெரியாமலே சிரித்தார்.

அந்தக் கட்டு இந்தச் சின்ன அறையில், இதே மேஜையில், ஆறு மாதம் இருந்தது. சனி, ஞாயிறுகளில் நான் படிப்பேன், நீங்கள் அடிப்பீர்கள். தாளைப் பார்க்கக் கண்ணை எடுத்தால் வேகம் போய்விடும் என்பதால் கமா, ஃபுல் ஸ்டாப் எல்லாம் நான் வாயால் சொல்ல வேண்டும். பைபிளின் நடுவே குடும்பத்தார் பிறப்பை எழுதி வைத்த பக்கத்தின் ஜெராக்ஸ் இருந்தது. கடிதங்கள் இருந்தன. பத்து வருஷத்துக்கு ஒருமுறை அவர்கள் ஊரில் எடுத்த சென்சஸிலிருந்து கையால் எழுதி எடுத்த வரிகள் இருந்தன. கல்லறையின் போட்டோ ஒன்று. எனக்கு முதலில் அந்தக் கையெழுத்துப் புரியவே இல்லை. எஸ் எல்லாம் எஃப் மாதிரி இருந்தது. புரியாத இடத்தில் நானே ஒரு வார்த்தையை ஊகித்துச் சொல்லிவிடுவேன். நீங்கள் கையை நிறுத்திவிடுவீர்கள்.

"எழுதினதைப் படி. நெனச்சதைப் படிக்காதே."

உங்கள் தொழிலுக்கே அது ஒன்றுதான் விதி. ஆபீஸ் வாசலில் வருகிறவர்கள் ஆயிரம் கதை சொல்வார்கள். நீங்கள் காகிதத்தில் இருப்பதை மட்டும் அடிப்பீர்கள்.

ஐசக் எனக்குப் பிடித்துப்போனார். அயோவா மண்ணில் புல்லின் வேர் பாய் பின்னியது போல் கிடந்ததாம். முதல் உழவில் ஏர் இரண்டு தடவை உடைந்தது. மக்காச்சோளம் போட்டார், பன்றி வளர்த்தார். ஒரு பனிக்காலத்தில் பதினோரு பன்றிகள் விறைத்துச் செத்ததைத் தம்பிக்கு எழுதியிருந்தார். ஒவ்வொன்றுக்கும் அடையாளம் சொல்லியிருந்தார், காது கிழிந்தது, வெள்ளை நெற்றி, கிழவி என்று. கிழவி வந்ததும் கமா சொல்ல மறந்து மூக்கை உறிஞ்சினேன். அம்மா வாசற்படியில் நின்று, "அவன் பன்னி செத்ததுக்கெல்லாம் நம்ம வீட்ல துக்கமா? சாதம் ஆறுது, எழுந்து வாங்க ரெண்டு பேரும்" என்றாள். நீங்கள் ஒரு விரலைத் தூக்கிக் காட்டினீர்கள். "ஒரே ஒரு பன்னிதான் பாக்கி."

சிக்கல் அவருடைய வயதில் வந்தது. பைபிள் பக்கத்தில் ஐசக் என்ற பெயர் இரண்டு வரிகளில் இருந்தது. முதல் வரி, பெரிய எழுத்தில், சுழி வைத்து, அழகாக. அடுத்த வரியில் மறுபடியும் ஐசக், ஆனால் இரண்டரை வருஷம் தள்ளி ஒரு தேதி, மங்கலாக, கோணலாக. அதன் பிறகு மற்ற பிள்ளைகள். இறப்புகளை எழுதும் பக்கம் கிழிந்து போயிருந்தது. கோணல் வரியைப் பின்னால் யாரோ தெரியாமல் எழுதியிருக்கிறார்கள், முதல் தேதியையே வைத்துக்கொள்ளுங்கள் என்று அந்த அம்மா சொல்லியிருந்தார். ஆனால் ஒவ்வொரு சென்சஸிலும் ஐசக்கின் வயது இரண்டு மூன்று வருஷம் குறைவாகவே வந்தது. மனைவி ரொம்பச் சின்னவள், அதனால் வயதைக் குறைத்துச் சொல்லி ஏமாற்றியிருப்பார் என்று அந்த அம்மாவுக்கு ஒரு சிரிப்பு. இன்னொன்றும் இருந்தது. ஐசக்கின் தாயார் ஒரு கடிதத்தில், சின்ன ஐசக்கை ஒஹையோவிலேயே விட்டுவிட்டு வந்ததை நினைக்காத நாளில்லை என்று எழுதியிருந்தார். தாத்தா பாட்டியிடம் விட்டிருப்பார்கள், பிறகு வரவழைத்திருப்பார்கள் என்று அந்த அம்மா பென்சிலால் ஓரத்தில் குறித்திருந்தார்.

ஒரு சனிக்கிழமை கல்லறை போட்டோவை லென்ஸ் வைத்துப் படித்தேன். இறந்த தேதிக்குக் கீழே, வயது எழுபத்தொரு வருஷம், நாலு மாதம் என்று வெட்டியிருந்தது. விரல் விட்டுப் பின்னால் எண்ணிப் பார்த்தேன். நேராகக் கோணல் வரிக்குப் போய் நின்றது.

"அப்பா, இது ரெண்டு பேருப்பா."

"என்னது?"

"ரெண்டு ஐசக். மொதல் குழந்தை செத்துப்போச்சு. அதைத்தான் ஒஹையோல விட்டுட்டு வந்தேன்னு ஐசக்கோட அம்மா எழுதியிருக்காங்க. அப்புறம் பொறந்ததுக்கும் அதே பேரை வெச்சிட்டாங்க. எழுத்தைப் பாருங்களேன். மொதல் வரி சந்தோஷமா எழுதினது. ரெண்டாவது பயந்துகிட்டே எழுதினது."

உங்கள் பத்து விரலும் மெஷினின் விசைகளுக்கு மேலே அப்படியே நின்றன. உங்களை ஏதோ பெரிய கணக்குப் போட்டுத் திகைக்க வைத்துவிட்டேன் என்று எனக்குப் பெருமை. "சரிதானேப்பா?" என்று கேட்டேன். நீங்கள் என்னைப் பார்க்கவில்லை. கதவு வழியாக அடுப்படியைப் பார்த்தீர்கள். பிறகு எழுந்து போய் முகம் கழுவிவிட்டு வந்தீர்கள். அன்றைக்கு மேலே அடிக்கவில்லை.

அடுத்த மாதமே நம் வீட்டுக்குச் சென்சஸ் எடுக்க ஒரு டீச்சர் வந்தார், நினைவிருக்கிறதா? நீளமான தாளை மடியில் விரித்துக்கொண்டு அம்மாவிடம் கேட்டார்.

"பொறந்த குழந்தைங்க எத்தனை?"

"ஒண்ணு."

"மொத்தமா பொறந்ததும்மா. உயிரோட இருக்கிறது அப்புறம் கேப்பேன்."

"ஒண்ணுதாங்க. இதோ நிக்கிறாளே."

நீங்கள் நாற்காலி விளிம்பைப் பிடித்தபடி நின்றீர்கள். அந்த டீச்சர் இரண்டு கட்டத்திலும் ஒன்று என்று எழுதிக்கொண்டு, மோர் குடித்துவிட்டுப் போனார்.

அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை, அம்மாவிடம் ஏதோ சாக்குச் சொல்லி, என்னை ரயிலில் கூடுவாஞ்சேரிக்குக் கூட்டிக்கொண்டு போனீர்கள். ஸ்டேஷனிலிருந்து வெயிலில் வெகுதூரம் நடந்தோம். அம்மா பிறந்த ஊரின் ஏரிக்கரைக்குக் கீழே, முன்பு புறம்போக்கும் கருவேலம் புதருமாக இருந்த இடத்தில், மஞ்சள் பெயின்ட் அடித்த கற்களை வரிசையாக நட்டிருந்தார்கள். கலர் கொடி கட்டி, மனை விற்பனைக்கு என்று போர்டு. மாமா ஆள் கூட்டி வந்து காட்டுகிற மனைகள். நீங்கள் ஒவ்வொரு கல்லாகப் பார்த்துக்கொண்டே போய், நாற்பத்திரண்டாம் கல்லுக்கும் நாற்பத்து மூன்றுக்கும் நடுவில் நின்றீர்கள்.

"இங்கதான். இல்ல, இன்னும் கொஞ்சம் தள்ளியோ என்னமோ. அப்ப ஒரு புங்கமரம் இருந்தது. அதை வெச்சுதான் எனக்கு அடையாளம்."

"என்னப்பா இங்க?"

"உன் அக்கா."

நின்றுகொண்டே சொன்னீர்கள். எனக்கு முன்னால் ஒரு கோமதி. ஒன்றரை வயதில் வாந்திபேதி வந்து இரண்டே நாளில் போய்விட்டாள். ஒரு வருஷம் கழித்து நான், இதே ஊரில், வீட்டிலேயே பிறந்தேன். பிள்ளை செத்த வீட்டில் அடுத்த பிள்ளை பிறந்தால் குப்பையில் கிடத்தி எடுத்து, பக்கத்து வீட்டுக்காரிக்கு ஒரு முறம் தவிட்டுக்கு விற்பதாகப் பேசி, குப்பம்மா என்றோ பிச்சம்மா என்றோ பெயர் வைப்பார்களாம். யாருக்கும் வேண்டாத பிள்ளை என்று சாவு நினைத்துக்கொண்டு போய்விட வேண்டும். முறத்தோடு பக்கத்து வீட்டுக்காரி வந்து நின்றிருக்கிறாள். அம்மா என்னைக் கொடுக்கவில்லை. அக்காவுக்கு இருந்த அதே இடத்தில், காதுக்குப் பின்னால், எனக்கும் மச்சம் இருந்தது. "எம் பொண்ணை நானே தவிட்டுக்கு விப்பனா? போனவதான் வந்துகிறா" என்று சொல்லி அதே பெயரை வைத்துவிட்டாள். அதற்குப் பிறகு, ஒரு குழந்தை செத்தது என்று அவள் வாயிலிருந்து யாரும் கேட்டதில்லை.

என் பிறப்பை எங்கும் பதியவில்லை. ஒன்றாம் வகுப்பில் சேர்க்க அம்மா என்னைக் கூட்டிப் போனபோது பெட்டியில் இருந்த அக்காவின் பிறப்புச் சர்டிஃபிகேட்டைக் கொடுத்தாள். "எட்டு வயசு வரைக்கும் பிள்ளைய வீட்ல வெச்சுகினு இன்னாம்மா பண்ணீங்க?" என்று ஹெட்மாஸ்டர் கேட்டிருக்கிறார். அம்மா தலையைக் குனிந்துகொண்டு நின்றாளாம். அவள் பொய் சொல்லவில்லை என்று நீங்கள் எனக்குச் சொன்னீர்கள். அவளைப் பொறுத்தவரை அந்தத் தேதியில்தான் நான் பிறந்தேன்.

"ஊருக்கெல்லாம் பேரும் தேதியும் திருத்தி அடிச்சுக் குடுக்கிறேன். எம் பொண்ணுக்கு விட்டுட்டேன். இன்னிக்கு நாளைக்குன்னு தள்ளிகிட்டே வந்துட்டேன். அவகிட்ட போய், செத்துட்டான்னு எழுதி இருக்கேன், கையெழுத்துப் போடுன்னு எப்படிக் கேக்கறது, சொல்லு."

எனக்கு அப்போது பதிமூன்று வயது. "பத்தாவது நாமினல் ரோல் வரைக்கும் டைம் இருக்கு. அதுக்குள்ள மாத்திடலாம்" என்றீர்கள். திரும்பி வரும்போது பிளாட்பாரத்தில் எனக்கு நன்னாரி சர்பத் வாங்கிக் கொடுத்தீர்கள். குடிக்க முடியவில்லை. நான் உட்கார்ந்திருக்கிற இடம் வேறொருத்தியுடையது என்று தோன்றிக்கொண்டே இருந்தது. பெஞ்சில் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தேன்.

அமெரிக்கக்கார அம்மாவுக்கு இரண்டு ஐசக் விஷயத்தைச் சொன்னபோது அவர் உடனே நம்பினார். "அப்படியானால் முதல் குழந்தையை எங்கே புதைத்தார்கள்?" என்று கேட்டார். எந்தக் காகிதத்திலும் அது இல்லை. நீங்கள் முதல் தடவையாக உங்கள் விதியை மீறி, யாரும் எழுதாத ஒரு வரியை நீங்களாகவே அடித்தீர்கள். 'முதல் ஐசக், ஏறத்தாழ இரண்டு வயது, ஒஹையோவில் இறந்தான், இடம் தெரியவில்லை.' அவர் அந்த வரியை விரலால் தடவிப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். ஊருக்குத் திரும்பும்போது அந்தக் கட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அப்புறம் நீங்கள் எனக்கான வாக்குமூலத்தையும் அடித்தீர்கள். எங்களுக்குக் கோமதி என்ற பெயரில் இரண்டு பெண் மக்கள். மூத்தவள் ஒன்றரை வயதில் இறந்துவிட்டாள். இளையவள் பிறந்த தேதி இது. கீழே உங்கள் கையெழுத்து, பக்கத்தில் அம்மாவுக்கு ஒரு கோடு. அம்மாவும் போட்டால்தான் நோட்டரி சீல் குத்துவார், அதன் பிறகுதான் கோர்ட், பிறகு பள்ளிக்கூடம் என்றீர்கள். அம்மா அதை வாங்கி எழுத்துக்கூட்டி ஒரு வரி படித்தாள். இரண்டாவது வரியில் நின்றாள். மடித்து உங்கள் கையிலேயே கொடுத்துவிட்டு, "அப்பறம் போடறேன்" என்றாள். நீங்கள் வற்புறுத்தவில்லை. மறுவாரம் கேட்டீர்கள், "அப்பறம்" என்றாள். ஆடி மாதத்தில் ஒருநாள் ஆபீஸ் வாசலில், யாருடைய மனுவையோ பாதி அடித்தபடி, நீங்கள் மேஜைமேல் சாய்ந்துவிட்டீர்கள். டீக்கடை அண்ணன்தான் ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஓடினார். அந்த ஆட்டோ ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும்போது நான் பள்ளிக்கூடத்தில் அல்ஜீப்ரா கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்.

உங்கள்மேல் எனக்குக் கோபம், அப்பா. எழுதக் கூடாது, ஆனாலும் எழுதுகிறேன். ஆறு மாதம் ஐசக்குக்காக உட்கார்ந்தோம். அவர் செத்து எவ்வளவோ காலம் ஆகிவிட்டது. அவருக்கு எந்த அவசரமும் இல்லை.

மாமா கெட்டவர் இல்லை. நீங்கள் போன பிறகு கூடுவாஞ்சேரியிலிருந்து பெட்டியோடு வந்து எங்களோடு தங்கினார். இந்த வீடு நடப்பது அவரால்தான். எனக்கு ஜாமெட்ரி பாக்ஸ் வாங்கித் தந்தார், காய்ச்சல் வந்தபோது தோளில் தூக்கிக்கொண்டு டாக்டரிடம் போனார். சின்ன வயதில் அவர் முதுகில் ஏறி யானை விளையாடியிருக்கிறேன். அவருக்கு இருபத்தெட்டு வயது. வருஷம் திரும்பியதும் சொந்தக்காரர்கள் பேச ஆரம்பித்தார்கள். தாய்மாமன் இருக்கும்போது வெளியில் எதற்குத் தேட வேண்டும், அவன் அக்காவுக்கும் ஆதரவாகிவிடும் என்று. மாமா ஒன்றும் சொல்லாமல் இருந்தார். பிறகு ஒருநாள் சர்டிஃபிகேட்டை எடுத்துப் போய் லேமினேஷன் செய்துகொண்டு வந்தார். பளபளவென்று இருந்தது. இனி அதில் ஒரு எழுத்தைக்கூட யாராலும் தொட முடியாது.

இன்றைக்குச் சாயந்திரம் இந்த மூடியைத் திறந்ததே வாக்குமூலத்தைத் தேடித்தான். மெஷினுக்கு அடியில் விரித்த கம்பளித் துண்டுக்குக் கீழே வைத்திருந்தீர்கள். எடுத்துப் பாவாடையில் செருகிக்கொண்டு அடுப்படிக்குப் போனேன். அம்மா அவரைக்காய்க்கு நார் எடுத்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, நாளைக்கு ஸ்கூலுக்கு வாம்மா. வந்து ஒரு கையெழுத்துப் போடு."

"எதுக்குடி?"

"நான் வேற, அக்கா வேறன்னு."

"யாருக்கு அக்கா?" என்றாள், தலையை நிமிர்த்தாமல்.

"எனக்கும்மா. அவ செத்துட்டாம்மா. நான் அவ இல்ல."

அவள் கை நிற்கவில்லை. நாரை உரித்து உரித்து, காய் முழுவதையும் உரித்துவிட்டு, உள்ளே இருந்த பச்சை விதைகளை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு பார்த்தாள். அதற்குள் மாமா கதவுக்குப் பக்கத்தில் வந்து நின்றார்.

"இன்னா மாநாடு நடக்குது?"

நான் காகிதத்தைப் பாவாடைக்குள் இன்னும் உள்ளே தள்ளினேன். ஆனால் அவர் கேட்டிருக்கிறார்.

"தோ பாரு கோமு. நான் ஒண்ணும் உன்ன கட்டாயப்படுத்தல. கட்டிகினப்புறமும் நீ படி, யாரு வேணான்றது? ஆனா இந்தப் பேச்சு வேணாம். சர்டிபிகேட்ல இன்னா போட்டுகீதோ அதான் வயசு. கெவுருமெண்டே ஒத்துகினு சீல் வெச்சுகீது. உனுக்கு இன்னா?"

"மாமா, எனக்குப் பதினஞ்சுதான். உங்களுக்கே தெரியும்."

அவர் என்னைப் பார்க்காமல் பானையிலிருந்து தண்ணீர் மொண்டு குடித்தார். "எனுக்கு ஒண்ணும் தெரியாது. நான் அப்ப சின்னப் பையன்" என்றார். அதை அவர் மிரட்டிச் சொல்லவில்லை, அப்பா. சொல்லும்போது அவர் குரல் கம்மியது. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. அவருக்கும் தெரிகிறது. தெரிந்தே நடக்கும்.

அதற்கு முன்னால், மத்தியானமே டீச்சரிடமும் வாயைத் திறந்து பார்த்தேன். தேதியில் தப்பு இருந்தால் என்ன செய்வது என்று, வேறு யாருக்கோ கேட்பது போல் கேட்டேன். "அப்பாவை வரச் சொல்லு" என்றார். பிறகு நினைவுக்கு வந்து, "சரி, அம்மாவாவது ஆதாரத்தோட வரணும். நாளைக்குள்ள. கையெழுத்து இல்லன்னா பரீட்சைக்குப் பேரு போகாது" என்றார். பொய் சர்டிஃபிகேட் கொடுத்தால் அம்மாவைப் போலீஸ் பிடிக்கும் என்று பின் பெஞ்சில் ஒருத்தி சொன்னாள். அது நிஜமா? உங்களுக்குத்தான் தெரிந்திருக்கும். எந்த ஆபீஸில் எந்த மனு என்று ஊரே உங்களைத்தான் கேட்கும்.

போட்டால் தையில் கல்யாணம். போடாவிட்டால் பரீட்சை இல்லை, அப்புறம் கல்யாணத்தைத் தவிர வேறு என்ன? உண்மையைச் சொன்னால் அம்மாவுக்குப் போலீஸ். இந்த மூன்றையும் மாற்றி மாற்றி எண்ணிப் பார்த்துவிட்டேன். நாலாவதாக ஒன்று இருந்தால், அது உங்களோடு போய்விட்டது.

ஒன்று சொல்கிறேன். எனக்கு அவள்மேல் கோபமே வரவில்லை, அந்த முதல் கோமதிமேல். ஹாலில் அம்மா தூக்கத்தில் முனகுகிறபோதெல்லாம் அவளைத்தான் நினைக்கிறேன். அவள் நடந்தாளா, என்ன பேச்சுப் பேசினாள், எதுவும் எனக்குத் தெரியாது. பன்றிகளுக்குக்கூட ஐசக் அடையாளம் எழுதி வைத்திருந்தார். இவளுக்கு இருப்பது அந்த லேமினேஷன் அட்டை ஒன்றுதான். அதில் இருக்கும்வரை அவள் இந்த வீட்டில் இருக்கிறாள், வருஷா வருஷம் வயது ஏறுகிறது, பத்தாவது படிக்கிறாள். என் தேதியை நான் கேட்டால் அவளை நான்தான் சாகடிக்க வேண்டும், அதுவும் அம்மாவின் எதிரில். கேட்காவிட்டால் அவளுக்குப் பதிலாக நான் போய்க் கல்யாண மேடையில் உட்கார வேண்டும். உங்களிடமிருந்து எனக்கு வந்தது வேலையோ பணமோ இல்லை. பெஞ்சில் எனக்குப் பக்கத்தில் இவளை உட்கார வைத்துவிட்டுப் போனீர்கள். தூக்கிக்கொண்டுதான் நடக்கிறேன், அப்பா. இறக்கி வைக்க இடம் தெரியவில்லை. நாளைக்குப் பேனாவைக் கையில் கொடுத்தால் நான்

யாரோ கதவைத் தட்டுகிறார்கள். மெதுவாக, விரல் நுனியால்.

அம்மாதான். "தூங்கலியா" என்றாள். கதவுக்கு மிகப் பக்கத்தில் வாயை வைத்து, மாமாவுக்குக் கேட்காத குரலில், "அப்பா அடிச்சு வெச்ச அந்தப் பேப்பரை எடுத்துகிட்டுக் கதவத் தொற" என்கிறாள். கிழிக்கவா, கையெழுத்துப் போடவா, குரலில் தெரியவில்லை. மறுபடியும் தட்டுகிறாள். நான் இதை மடித்து